ஓடிடி சந்தா கூடிவிட்டது, கேட்காமலே பணம் எடுத்துவிட்டார்கள்: என்ன செய்யலாம்?

கேள்வி: ஒரு ஓடிடிக்கு மாதம் 199 ரூபாய் கட்டி வந்தோம். என் டெபிட் கார்டில் ஆட்டோபே போட்டிருந்தேன். இந்த மாதம் 299 ரூபாய் எடுத்துவிட்டார்கள். ஓடிபி கூட வரவில்லை. இப்படி எடுக்கலாமா? பணம் திரும்பக் கிடைக்குமா? பக்கத்துச் செல்போன் கடைக்காரர், 400 ரூபாய் கொடுத்தால் வருடம் முழுக்க எல்லா ஓடிடியும் போட்டுத் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா? (வாசகி, தென்காசி)

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன் அம்மா. வாங்காதீர்கள். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

விலையை ஏற்றியதை நீங்கள் தடுக்க முடியாது. கேபிளுக்கும் டிடிஎச்சுக்கும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கட்டண விதி வகுக்கிறது. ஓடிடி கட்டணத்துக்கு அப்படி ஒரு விதி இல்லை. அமேசான் பிரைம் 2021 டிசம்பரில் வருடச் சந்தாவை 999-லிருந்து 1,499 ரூபாயாக்கியது. 2023-ல் அதன் மாதச் சந்தா 179-லிருந்து 299 ஆனது. யூடியூப் பிரீமியம் குடும்பத் திட்டம் 2024-ல் 189-லிருந்து 299-க்குப் போனது. விலையை நிர்ணயிப்பது அவர்கள் உரிமை. ஆனால் உங்கள் கணக்கில் கை வைப்பது வேறு விஷயம். அதற்கு ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது.

ஆட்டோபே போட்ட அன்று ஒருமுறை ஓடிபி கொடுத்திருப்பீர்கள். அதற்குப் பிறகு 15,000 ரூபாய் வரையிலான தவணைக்கு ஓடிபி தேவையில்லை. 2022 ஜூனிலிருந்து இதுதான் வரம்பு. அன்று நீங்கள் எந்தத் தொகைக்குச் சம்மதம் கொடுத்தீர்கள் என்பதுதான் இப்போது முக்கியம். ‘199 ரூபாய் மட்டும்’ என்று நிலையான தொகைக்குக் கொடுத்திருந்தால், 299 எடுக்க உங்களிடம் மறுபடி ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். ‘இவ்வளவு ரூபாய் வரை’ என்று உச்சவரம்பு வைத்துக் கொடுத்திருந்தால், அந்த வரம்புக்குள் விலை எவ்வளவு ஏறினாலும் கேட்காமல் எடுக்கலாம்.

விதிப்படி இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வசதி வாடிக்கையாளருக்கு இருக்க வேண்டும். நடைமுறையில் யாருக்கு அந்தத் தேர்வு கிடைக்கிறது? 199 ரூபாய்த் திட்டத்துக்குப் பணம் கட்டும் திரையில், கீழே சின்ன எழுத்தில் ‘அதிகபட்சம் ₹15,000’ என்று அவர்களே நிரப்பி வைத்திருக்கிறார்கள். தொகை எழுதாத காசோலையில் கையெழுத்து வாங்குவது போன்றது இது. என்னிடம் வருகிற புகார்களில் பெரும்பாலானவை இந்த ஒரு வரியில் வந்து முடிகின்றன. விதி போட்டவர்கள் அந்தத் திரையையும் ஒருமுறை பார்த்திருக்க வேண்டும்.

உங்களிடம் இருக்கும் இன்னொரு பிடி, முன்னறிவிப்பு. பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னதாக நிறுவனத்தின் பெயர், தொகை, தேதி ஆகியவற்றுடன் எஸ்எம்எஸ் அல்லது மின்னஞ்சல் வந்திருக்க வேண்டும். அந்தத் தவணையை நிறுத்தும் வசதியும் அதில் இருக்க வேண்டும். எஸ்எம்எஸ் பெட்டியில் முந்தைய இரண்டு நாட்களைத் தேடிப் பாருங்கள். ஆங்கிலத்தில் வருவதால் பலர் விளம்பரம் என்று நினைத்து அழித்துவிடுகிறார்கள். அறிவிப்பே வரவில்லை என்றாலோ, நிலையான தொகைக்கு மேல் எடுத்திருந்தாலோ, வங்கிக்கு உடனே எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம், செலவு இல்லை. அறிவிப்பும் வந்து, வரம்பும் பெரிதாக இருந்தால் இந்த 100 ரூபாய் திரும்பக் கிடைப்பது கடினம். அடுத்த மாதத்தைக் காப்பாற்றுங்கள்.

அதற்கு ஆப்பை அழித்தால் போதாது, சந்தா ஓடிக்கொண்டே இருக்கும். முதலில் ஓடிடியின் கணக்குப் பக்கத்தில் சந்தாவை ரத்து செய்யுங்கள். பிறகு வங்கியில் ஆட்டோபே சம்மதத்தை ரத்து செய்யுங்கள். யுபிஐ என்றால் பணம் அனுப்பும் ஆப்பிலேயே ‘ஆட்டோபே’ பகுதி இருக்கும். கார்டு என்றால் வங்கிக்கு வங்கி இடம் மாறும். சந்தாவை முடிக்க முடியாதபடி சுற்றவிடுவதை 2023 நவம்பரில் வந்த மத்திய அரசு வழிகாட்டுதல் தடை செய்கிறது. ஆனாலும் ரத்து பொத்தானை இன்னும் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. சுற்றவிட்டால் 1915-க்கு அழையுங்கள். அது தேசிய நுகர்வோர் உதவி எண்.

வருடச் சந்தா கட்டியவர்கள் ‘எனக்கு இந்தக் கவலை இல்லை’ என்பார்கள். பாதி சரி. கட்டிய காலம் முடியும்வரை பொதுவாக விலை ஏறாது. ஆனால் கட்டிய பிறகு சரக்கு குறையலாம். 2025 ஜூன் 17 முதல் அமேசானின் பிரைம் வீடியோ இந்தியாவில் படங்களுக்கும் தொடர்களுக்கும் நடுவே விளம்பரம் போட ஆரம்பித்தது. விளம்பரம் வேண்டாம் என்றால் மாதம் 129 அல்லது வருடம் 699 ரூபாய் கூடுதலாகக் கட்டச் சொன்னது. மே மாதம் 1,499 கட்டியவருக்கும் இதே நிலைதான். விலை ஏறவில்லை, ஆனால் பழையபடி பார்க்க 699 கூடுதல். என் கணக்கில் இதுவும் விலையேற்றம்தான். அதனால் வருடச் சந்தா எடுப்பவர்கள் மலிவு என்பதை மட்டும் பார்க்காமல், அந்த ஓடிடியை வருடத்தில் எத்தனை மாதம் உண்மையில் பார்க்கிறோம் என்றும் யோசியுங்கள்.

இப்போது செல்போன் கடைக்காரர். அவர் தருவது பெரும்பாலும் வேறு யாரோ ஒருவரின் கணக்கு. அதே பாஸ்வேர்டை முன்பின் தெரியாத பலருக்கு விற்றிருப்பார். நிறுவனம் கண்டுபிடித்தால் பூட்டிவிடும். நெட்ஃபிளிக்ஸ் 2023 ஜூலையிலேயே இந்தியாவில் வீட்டுக்கு வெளியே பகிர்வதை நிறுத்த ஆரம்பித்துவிட்டது. உங்களிடம் பில் இருக்காது, எங்கும் புகார் சொல்ல முடியாது. ‘போட்டுத் தருகிறேன்’ என்று உங்கள் போனை வாங்கி என்னென்ன நிறுவுகிறார் என்பதும் தெரியாது. டெலிகிராமில் விற்பவர்களும் இதே ரகம்.

இதைவிட ஆபத்து இன்னொன்று. பணத்தைத் திரும்ப வாங்க, ஓடிடியின் வாடிக்கையாளர் சேவை எண்ணை இணையத்தில் தேடாதீர்கள். தேடலில் வரும் எண்களில் மோசடிக்காரர்களின் எண்ணும் கலந்திருக்கும். ‘ரீஃபண்ட் போடுகிறேன், ஒரு ஆப் இறக்குங்கள்’ என்று சொல்லி உங்கள் போன் திரையை அவர்கள் பார்க்கத் தொடங்கினால் 100 ரூபாய்க்காகக் கணக்கே காலியாகும். ஓடிடி ஆப்புக்குள் இருக்கும் ‘உதவி’ பக்கத்தின் வழியாக மட்டும் பேசுங்கள். ரீஃபண்ட் வாங்க ஓடிபியோ யுபிஐ பின்னோ யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.