இங்கிலாந்தின் ஒரு சிற்றூரில் பார்க்க அப்படி என்ன இருக்கிறது?

ரெடிங் பல்கலைக்கழகத்தில் ஒரு வருடம் படிக்கப் போவதாகவும், படங்களில் இங்கிலாந்துக் கிராமங்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தது போலத் தெரிவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஓர் ஊரைச் சொல்லுங்கள், அதன் வரலாறு என்ன, இன்று அங்கே என்னென்ன வசதிகள் என்றும் கேட்டிருக்கிறீர்கள். ரெடிங்கில் பல வருடங்களாகக் குடியிருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஸ்டோக் ரோவுக்குப் போங்கள்.

ரெடிங்குக்கு வடக்கே, ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரின் தென்கோடியில், சில்டர்ன் குன்றுகளின் மேல் இருக்கிறது அந்த ஊர். சுற்றிலும் பீச் மரக் காடு. ஊர்க்கணக்கில் அறுநூற்று ஐம்பது பேர் அளவில்தான் இருப்பார்கள்.

வசதிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். ஓர் ஆரம்பப் பள்ளி, ஊர் மண்டபம், விளையாட்டுத் திடல், பழைய மதுக்கடைகள். அவற்றில் ஒன்று பதினேழாம் நூற்றாண்டிலிருந்து நிற்கிறது. சிக்கிமுக்கிக் கல் பதித்த சுவர்களோடு 1846இல் கட்டிய தேவாலயம் ஒன்றும், அதற்கும் மூத்த சிறு ஜெபக்கூடம் ஒன்றும் உண்டு. பஸ் மிகக் குறைவு. நேரம் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள், அல்லது கார் வைத்திருக்கும் நண்பரைப் பிடியுங்கள். இவ்வளவு எந்த ஊரிலும் இருக்கும். இவற்றுக்காக உங்களை அங்கே அனுப்பவில்லை.

ஊரின் நடுத்தெருவில் நடந்தால் இடது பக்கமோ வலது பக்கமோ, வரும் திசையைப் பொறுத்து, மரங்களுக்கிடையில் ஒரு குவிமாடம் தெரியும். இரும்புத் தூண்கள் தாங்கும் இந்தியப் பாணிக் குவிமாடம். அதன் கீழே ஒரு கிணறு. கிணற்றின் மேலுள்ள இயந்திரத்தின் தலையில் பொன்வண்ணம் பூசிய ஓர் யானை. காசி மகாராஜா வெட்டிக்கொடுத்த கிணறு அது.

அந்தக் கிணறு ஏன் வந்தது என்பது அந்த மண்ணைப் புரிந்துகொண்டால்தான் விளங்கும். மழைக்குப் பெயர்போன நாட்டில் தண்ணீர்ப் பஞ்சமா என்று நானும் முதலில் நம்பவில்லை. சில்டர்ன் குன்றுகள் அடியாழம் வரை சீமைச்சுண்ணாம்பு. பெய்யும் மழையை அது கடற்பஞ்சு போல உறிஞ்சிக் கீழே இறக்கிவிடும். மேட்டில் ஓடையும் கிடையாது, ஊற்றும் கிடையாது. ஆனால் சுண்ணாம்புக்கு மேலே சில இடங்களில் களிமண் படர்ந்திருக்கும். செங்கல்லுக்காக அந்தக் களிமண்ணை வெட்டியெடுத்த குழிகளில் மழைநீர் தேங்கும். ஸ்டோக் ரோ மக்கள் குட்டைகளிலும் கைவிட்ட அந்தக் குழிகளிலும் கிடந்த கலங்கல் நீரைத்தான் மொண்டு குடித்தார்கள். கோடையில் அதுவும் வற்றினால் அடிவாரம் வரை நடக்க வேண்டும். நாற்காலிக் கால் கடைந்தும் செங்கல் அறுத்தும் பிழைத்த ஏழைச் சனங்கள் அவர்கள். ஆழமாகக் கிணறு வெட்ட யாரிடமும் காசு இல்லை.

பக்கத்து ஊரான இப்ஸ்டனைச் சேர்ந்தவர் எட்வர்ட் ஆண்டர்டன் ரீட். வட இந்தியாவில் ஆங்கிலேய அரசின் அதிகாரியாக நெடுங்காலம் வேலை பார்த்தவர். 1831இல் ஆசம்கரில் ஊர் மக்களுக்குக் கிணறு வெட்ட உதவியவர். காசி மகாராஜா ஈஸ்வரி பிரசாத் நாராயண் சிங்கோடு அவருக்கு நல்ல பழக்கம். பேச்சுவாக்கில் ஒருநாள் தன் சொந்த ஊர்ப்பக்கத்துத் தண்ணீர்க் கஷ்டத்தைச் சொல்லியிருக்கிறார். ஸ்டோக் ரோவில் ஒரு சிறுவன் வீட்டில் மிஞ்சியிருந்த கடைசித் தண்ணீரைக் குடித்துவிட்டான் என்பதற்காகத் தாய் அவனை அடித்த கதையையும் சொல்லியிருக்கிறார்.

அந்தத் தாயைக் கொடியவள் என்று நினைக்க எனக்கு மனம் வரவில்லை. குழந்தையை அடிக்கும் அளவுக்கு ஒரு குவளைத் தண்ணீர் பெரிதாகிப்போன வீடு அது.

ரீட் 1860இல் ஓய்வுபெற்று ஊர் திரும்பினார். மகாராஜா அந்தச் சிறுவனை மறக்கவில்லை. ரீட் ஆசம்கரில் செய்ததையும் மறக்கவில்லை. அந்த ஊருக்கு என் செலவில் கிணறு வெட்டுங்கள் என்றார். 1863 மார்ச்சில் வேலை தொடங்கியது. அதற்கு இரண்டே மாதம் முன்புதான், அங்கிருந்து நாற்பது மைல் தள்ளி லண்டனில், உலகின் முதல் சுரங்க ரயில் ஓடத் தொடங்கியிருந்தது. ஒரே நாடு. அங்கே மண்ணுக்கடியில் நீராவி ரயில், இங்கே குடிக்கச் செங்கல் குழித் தண்ணீர்.

வெட்டியது முழுக்கக் கையால். அகலம் நான்கடி, ஆழம் 368 அடி. ஆழத்துக்கு ஓர் அளவு சொல்கிறேன்: லண்டன் புனித பால் பேராலயம் உச்சிச் சிலுவை வரை 365 அடி. அதைத் தலைகீழாக உள்ளே இறக்கினாலும் மூன்றடி மிச்சம் இருக்கும். நான்கடி அகலத்தில் ஒருவன் குனிந்து கடப்பாரையை வீச எவ்வளவு இடம் இருந்திருக்கும்? மேலே அண்ணாந்து பார்த்தால் வானம் ஒரு காசளவுக்குச் சுருங்கியிருக்கும். கிணற்றுக்கு ஆன செலவு 353 பவுண்டுக்குச் சற்று மேல். காவலாளிக்குக் கட்டிய சின்னஞ்சிறு வீட்டுக்கு எழுபத்துச் சொச்சம் பவுண்டு தனி. விக்டோரியா மகாராணியின் பிறந்தநாளான 1864 மே 24 அன்று கிணற்றைத் திறந்தார்கள். ஊராருக்குத் தண்ணீர் இலவசம்.

எனக்குப் பெரும் வியப்பு கிணற்றைவிடப் பக்கத்துத் தோட்டத்தில்தான். கிணற்றை வெட்டிவிட்டுப் போனால் நாளைக்குக் கயிறு அறும், பல்சக்கரம் தேயும், யார் பார்ப்பது? அதற்காக அருகிலேயே நிலம் வாங்கிச் செர்ரி மரங்கள் நட்டார்கள். பழம் விற்ற காசில் கிணற்றைப் பராமரிப்பது ஏற்பாடு. தோட்டத்துக்கு மகாராஜாவின் பெயரால் ஈஸ்வரி பாக் என்று பெயர். உள்ளே மீன் வடிவத்தில் ஒரு குளமும் வெட்டினார்கள். மீன் காசி அரச குடும்பத்தின் சின்னம். தானம் கொடுத்தவர் அதைக் காப்பாற்றும் வழியையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார். ஆனால் மகாராஜா அங்கே வந்ததே இல்லை. தன் பணத்தில் வெட்டிய கிணற்றை ஒருமுறைகூட நேரில் பார்க்காமல் 1889இல் மறைந்தார்.

1857இல் வட இந்தியா ரத்தக்காடாகி ஆறே வருடத்தில் இந்தக் கிணறு வந்தது. அந்தப் போரில் காசி மகாராஜா ஆங்கிலேயர் பக்கம் நின்றவர். ரீடும் அந்த மாதங்களில் ஆக்ராவில் உயர்பொறுப்பில் இருந்தவர். ஆகவே இது ராஜவிசுவாசத்தைக் காட்டக் கொடுத்த பரிசு என்று சிலர் சொல்கிறார்கள். அந்தக் கணக்கு மகாராஜாவின் மனதில் இல்லவே இல்லை என்று நான் வாதாட மாட்டேன். ஆனால் விசுவாசத்தைக் காட்ட வேண்டுமென்றால் லண்டனில், பத்துப் பேர் கண்ணில் படும் இடத்தில் கட்டியிருக்கலாம். பம்பாய்ச் செல்வந்தர் ஒருவர் 1869இல் லண்டன் ரீஜண்ட்ஸ் பார்க்கில் குடிநீர் ஊற்று கட்டிக்கொடுத்தது அப்படித்தான். பெயர்கூடத் தெரியாத காட்டு ஊரைத் தேடிப் பிடித்து 368 அடி தோண்டச் சொன்னவர் அந்தச் சிறுவனின் தாகத்தை நினைத்துத்தான் சொன்னார் என்று நம்புகிறேன்.

எழுபது வருடங்களுக்கு மேல் ஊர் அந்தத் தண்ணீரைக் குடித்தது. பிறகு குழாய் நீர் வந்தது, கிணறு ஓய்ந்தது. நூற்றாண்டு விழா 1964இல் நடந்தபோது எலிசபெத் மகாராணியின் கணவர், எடின்பரோ கோமகன் பிலிப் வந்தார். காசியிலிருந்து கங்கைத் தண்ணீரைக் கொண்டுவந்து கிணற்றில் ஊற்றினார்கள். பிற்பாடு பழுதுபார்த்து, வண்ணம் பூசி, இன்றும் கண்ணும் கருத்துமாகக் காத்து வருகிறார்கள்.

செர்ரி பூக்கும் ஏப்ரலில் போனால் தோட்டத்தையும் கண்குளிரப் பார்க்கலாம். நான் போனது ஒரு புதன்கிழமைக் காலை. கிணற்றின் வாய்க்கு இப்போது மூடி இருக்கிறது. கைப்பிடியைச் சுற்றிப் பார்க்க முடியாது. ஒன்பது காலன், அதாவது நம் கணக்கில் நாற்பது லிட்டர், பிடிக்கும் வாளியை மேலே இழுக்கப் பத்து நிமிடம் ஆகும் என்று படித்திருந்தேன். அதனால் இரும்புத் தூணில் சாய்ந்துகொண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றேன். மூன்றாவது நிமிடத்தில் ஒரு பெரியவர் நாயோடு கடந்துபோனார், காலை வணக்கம் சொன்னார். ஆறாவது நிமிடத்தில் தபால் வண்டி வந்து நின்று கிளம்பியது. எட்டாவது நிமிடத்தில் எனக்கே கால் கடுத்தது. பத்து முடிந்தபோது, அந்தக் காலத்தில் என்றால், வரிசையில் முதலில் நின்றவளுக்கு வாளி வந்து சேர்ந்திருக்கும்.