விதியில் தூரம் இல்லை, ஆனாலும் காவலர் திருப்பி அனுப்புகிறார்

கேள்வி: கொரோனா ஊரடங்கில் உடற்பயிற்சிக்காக வெளியே போகலாம் என்று எங்கள் பகுதி விதி சொல்கிறது. நான் தினமும் சைக்கிளில் 40 கி.மீ. ஓட்டுகிறவன். போன வாரம் வீட்டிலிருந்து 12 கி.மீ. தள்ளி ஒரு காவலர் நிறுத்தி, "இது உடற்பயிற்சி இல்லை, ஊர் சுற்றல், திரும்பிப் போங்கள்" என்றார். விதியில் தூரமே குறிப்பிடவில்லையே என்றேன். அபராதம் போடுவேன் என்றார், திரும்பிவிட்டேன். யார் சொன்னது சரி? தினசரி ஓட்டத்தை நிறுத்திவிடத்தான் வேண்டுமா? முகக்கவசத்தோடு ஓட்டினால் மூச்சு முட்டுகிறது, அதற்கும் ஒரு வழி சொல்லுங்கள்.

பதில்: விதியில் தூரம் இல்லை என்றால் சட்டப்படி நீங்கள் சொன்னது சரி. ஆனால் அந்த இடத்தில் திரும்பிப் போனதும் சரிதான். இரண்டும் எப்படிப் பொருந்தும் என்று சொல்கிறேன்.

ஊரடங்கில் நம் காதில் விழும் "கூடாது" எல்லாம் ஒரே வகை அல்ல. அரசாணையில் அச்சான விதி ஒன்று. அமைச்சர் தொலைக்காட்சியில் சொல்லும் அறிவுரை இன்னொன்று. மூன்றாவது, தெருமுனையில் நிற்கும் காவலர் இந்த இரண்டையும் கேட்டுவிட்டுத் தானாகப் போட்டுக்கொண்ட கணக்கு. அபராதம் முதல் வகையை மீறினால்தான் நிற்கும். தகராறு நடப்பது பெரும்பாலும் மூன்றாவதில்.

இங்கிலாந்தில் 2020 மார்ச்சில் நடந்ததைப் பாருங்கள். நாளுக்கு ஒரு முறை உடற்பயிற்சி என்று பிரதமர் தொலைக்காட்சியில் சொன்னார். சில நாள் கழித்து ஒரு அமைச்சர், நடை என்றால் ஒரு மணி நேரம், ஓட்டம் என்றால் அரை மணி, சைக்கிள் இரண்டுக்கும் நடுவே என்று பேட்டியில் தன் கருத்தைச் சொன்னார். ஆனால் அங்கே மார்ச் 26 அன்று அமலுக்கு வந்த விதியில் முறைக் கணக்கும் இல்லை, நேரமும் இல்லை, தூரமும் இல்லை. பக்கத்திலிருக்கும் வேல்ஸிலோ நாளுக்கு ஒரு முறை என்பது விதியிலேயே இருந்தது. எல்லையின் வேல்ஸ் பக்கம் குற்றம், இங்கிலாந்துப் பக்கம் வெறும் அறிவுரை! இங்கிலாந்தின் டெர்பிஷயர் மாவட்டக் காவல்துறை டிரோன் விட்டு, மலைப்பகுதியில் நடந்தவர்களைப் படம்பிடித்துப் போட்டு வாங்கிக் கட்டிக்கொண்டதும் அந்த வாரத்தில்தான். 2021 ஜனவரியில் அதே காவல்துறை, வீட்டிலிருந்து 5 மைல் தள்ளி ஒரு நீர்த்தேக்கத்தருகே நடந்த இரண்டு பெண்களுக்கு ஆளுக்கு 200 பவுண்டு அபராதம் போட்டது, பிறகு மன்னிப்புக் கேட்டு ரத்து செய்தது. அதே சமயத்தில் பிரதமர் போரிஸ் ஜான்சன் தன் இல்லத்திலிருந்து சுமார் 7 மைல் தள்ளி ஒரு பூங்காவில் சைக்கிள் ஓட்டினார். அது சட்ட விரோதம் இல்லை என்று லண்டன் காவல்துறைத் தலைவரே சொன்னார்.

பிரான்சு கதை உங்கள் கேள்விக்கு இன்னும் நெருக்கம். 2020 வசந்த காலத்தில் அங்கே உடற்பயிற்சிக்கு ஒரு மணி நேரம், வீட்டைச் சுற்றி 1 கி.மீ. என்று விதியிலேயே இருந்தது. மீறினால் 135 யூரோ. சைக்கிளுக்குத் தடை என்று எங்கும் இல்லை. ஆனாலும் சைக்கிளில் வந்தவர்களைப் பல இடங்களில் போலீஸ் மடக்கியது. சைக்கிள் பயனாளர் கூட்டமைப்பு நீதிமன்றம் போனது. ஏப்ரல் 30 அன்று தலைமை நிர்வாக நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு: அனுமதிக்கப்பட்ட காரணத்துக்கு வெளியே போகிறவர் சைக்கிளில் போவதை ஆணை தடுக்கவில்லை, இதை அரசு 24 மணி நேரத்துக்குள் பகிரங்கமாக அறிவிக்க வேண்டும்.

கவனியுங்கள், அந்த வழக்கு சாலையோரத்தில் ஜெயிக்கப்படவில்லை. அதனால்தான் நீங்கள் திரும்பிப் போனது சரி என்றேன். காவலர் நிறுத்தினால் இறங்கி, இரண்டு கை தூரம் தள்ளி நின்று, எங்கிருந்து வருகிறீர்கள், எந்த வழியாக எப்போது வீடு திரும்புவீர்கள் என்று சொல்லுங்கள். முகவரி உள்ள அடையாள அட்டை சட்டைப் பையில் இருக்கட்டும். "எந்த விதியின் கீழ் என்று சொல்ல முடியுமா?" என்று ஒரே ஒரு முறை, மரியாதையாகக் கேட்கலாம். பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள். அபராத ரசீது கொடுத்தால் வாங்கிக்கொண்டு, வீட்டுக்கு வந்ததும் இடம், நேரம், சொன்ன வார்த்தைகள் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். மேல்முறையீட்டுக்கு வழி இருந்தால் அதற்குக் கெடு இருக்கும், முதலில் அந்தத் தேதியைப் பாருங்கள். சில இடங்களில் பணம் கட்டுவதே குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும், ஆகவே கட்டுவதற்கு முன்னால் ரசீதின் பின்பக்கத்தையும் படியுங்கள். போனில் விதியைக் காட்டி வாதாடுவது எனக்கும் ஒரு காலத்தில் பிடித்தமான பொழுதுபோக்குதான். ஒரு முறைகூடப் பலித்ததில்லை.

இன்னொன்று. அந்தக் காவலரின் கவலை முழுக்க அபத்தம் என்று நினைக்காதீர்கள். திறந்தவெளியில் தனியாக ஓட்டுகிறவர் நோயைப் பரப்பும் வாய்ப்பு குறைவுதான். ஆனால் 12 கி.மீ. தள்ளி விழுந்து தோள்பட்டை எலும்பு முறிந்தால், ஏற்கெனவே திணறும் மருத்துவமனையில் ஒரு படுக்கையும் ஒரு ஆம்புலன்ஸும் உங்களுக்காகப் போகும். நியூசிலாந்தில் மீட்புப் படை தேவைப்படக்கூடிய சாகசங்களைத் தவிர்க்கச் சொன்னது இதற்காகத்தான். அங்கே சுகாதார அமைச்சரே மலைச் சைக்கிள் ஓட்டப் போய், குடும்பத்தோடு கடற்கரைக்கும் போனது வெளியே வந்து, 2020 ஏப்ரலில் அமைச்சரவை வரிசையில் கடைசிக்குத் தள்ளப்பட்டார்.

சரி, 40 கி.மீ.யை என்ன செய்வது? நீட்டி ஓட்டாதீர்கள், சுற்றி ஓட்டுங்கள். வீட்டை மையமாக வைத்து 2 கி.மீ. ஆரத்தில் ஒரு வட்டம் போட்டால் சுற்றளவு சுமார் 12.5 கி.மீ. மூன்று சுற்றில் 37 தாண்டிவிடும். தெருக்கள் வட்டமாக இருக்காது, ஆனாலும் கணக்குக் கிட்டத்தட்ட வரும். எந்த இடத்தில் பஞ்சர் ஆனாலும் அரை மணி நேரத்தில் தள்ளிக்கொண்டே வீடு சேரலாம், யாரையும் வண்டி எடுத்து வரச் சொல்ல வேண்டாம். உங்கள் ஊர் வழக்கப்படி வண்டிகள் ஓடும் பக்கமாகவே எல்லாத் திருப்பமும் வருகிற மாதிரி திசையைத் தேர்ந்தெடுங்கள், எதிர்ச் சாரியைக் கடக்க வேண்டியிருக்காது. மாற்று டியூப், டயரைக் கழற்றும் லீவர், சின்ன பம்ப், தண்ணீர் இவை எப்போதும் கூடவே. இறக்கத்தில் வேகச் சாதனை முயற்சி இப்போது வேண்டாம். சாலை காலியாக இருப்பதைப் பார்த்துக் கார்க்காரர்களும் அதே உற்சாகத்தில்தான் வருகிறார்கள். சுற்றுப்பாதை சலிப்பாக இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஒரு சுற்று நிதானம், ஒரு சுற்று வேகம் என்று மாற்றிப் பாருங்கள். உங்கள் பகுதியில் நேர வரம்பு இருந்தால் கணக்கு மாறும். ஸ்பெயினில் 2020 மே 2 அன்று பெரியவர்களுக்கு உடற்பயிற்சியை மீண்டும் அனுமதித்தபோது காலை 6 முதல் 10, இரவு 8 முதல் 11 என்றுதான் திறந்தார்கள். அதற்கு முன் ஏழு வாரம் வீட்டுக்குள் சைக்கிளை ஸ்டாண்டில் மாட்டி மிதித்தவர்களை நினைத்தால் நம் சலிப்பு குறையும்.

முகக்கவசம்: கடுமையாக உடற்பயிற்சி செய்யும்போது போட வேண்டாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனை. வியர்வையில் நனைந்தால் மூச்சு விடுவது சிரமமாகும். பாரிஸில் 2020 ஆகஸ்டில் தெருவில் முகக்கவசம் கட்டாயமானபோதுகூடச் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு விலக்கு கொடுத்தார்கள். உங்கள் பகுதி விதியில் அப்படி விலக்கு இல்லையென்றால் போட்டுத்தான் ஆக வேண்டும். அப்போது வேகத்தைக் குறைத்து, நனைந்ததும் மாற்ற இன்னொன்று வைத்துக்கொள்ளுங்கள். விலக்கு இருந்தாலும் ஒன்று பையில் இருக்கட்டும், காவலர் நிறுத்தியதும் அதை மாட்டிக்கொண்டு பேசினால் பாதிப் பேச்சு சுமுகமாகிவிடும்.

முன்னால் ஓட்டுபவரிடமிருந்து 20 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும் என்று 2020 ஏப்ரலில் ஒரு படம் உலகமெல்லாம் சுற்றியது. பெல்ஜியம், நெதர்லாந்து ஆய்வாளர்களின் காற்றியக்கக் கணினிக் கணக்கு அது. எச்சில் துளிகள் காற்றில் எப்படிப் பின்னால் வரும் என்றுதான் அது பார்த்தது, யாருக்கு நோய் தொற்றும் என்று பார்க்கவில்லை. டேப் வைத்து அளக்க வேண்டாம். ஒருவர் பின் சக்கரத்தை ஒட்டி ஓட்டாதீர்கள், முந்தும்போது அகலமாக விலகிப் போங்கள், அவ்வளவுதான்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. உங்களுக்கே கோவிட் லேசாக வந்து போயிருந்தால், அறிகுறி இல்லாமல் குறைந்தது ஏழு நாள் கழியட்டும், பிறகு இரண்டு வாரம் மிக மெதுவான பயிற்சி என்று 2021 ஜனவரியில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஓட்டும்போது நெஞ்சு வலி, படபடப்பு, வழக்கமில்லாத மூச்சிரைப்பு இவற்றில் எது வந்தாலும் சைக்கிளை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். 40 கி.மீ. பிறகு பார்த்துக்கொள்ளலாம்.