ரூட்டை யார் போட்டது, எப்போது போகும்? நிரல்வழி ரவுட்டிங் கேள்வி பதில்

ரவுட்டர்களை நிரல் மூலம் இயக்குவதற்கான பொது இடைமுகங்கள் பற்றிக் கேள்வி கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். பெரும்பாலான கேள்விகள், இணையத் தரநிலைகளை வகுக்கும் ஐஈடிஎஃப் உருவாக்கிய ஐடூஆர்எஸ் (I2RS) பற்றியே வந்திருக்கின்றன. ரவுட்டரில் உள்ள ரூட்டுகளை, அதாவது டிராஃபிக் எந்த வழியில் போக வேண்டும் என்ற பதிவுகளை, ஒரு வெளி நிரல் படிக்கவும் எழுதவும் வழி செய்யும் இடைமுகம் அது. ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

பைதான் ஸ்கிரிப்ட் எழுதி, எஸ்எஸ்எச் மூலம் தொலைவிலிருந்தே ரவுட்டருக்குள் நுழைந்து கட்டளை அடித்தால் போதாதா சார்? இதற்கென்று ஒரு தரநிலை எதற்கு? (கல்லூரி மாணவி)

ஐந்தாறு ரவுட்டருக்குப் போதும். ஆனால் கட்டளை காட்டும் திரை மனிதக் கண்ணுக்காகச் செய்தது. அடுத்த மென்பொருள் பதிப்பில் ஒரு பத்தி நகர்ந்தாலே உங்கள் ஸ்கிரிப்ட் தப்பாகப் படிக்கும். அதைவிடப் பெரிய சிக்கல், பத்துக் கட்டளையில் ஆறு உள்ளே போய் ஏழாவது தோற்பது. அப்போது ரவுட்டர் பழைய நிலையிலும் இல்லை, நீங்கள் நினைத்த நிலையிலும் இல்லை.

இதை 2002இல் நடந்த ஒரு பட்டறையில் நெட்வொர்க் நடத்துபவர்களே வெளிப்படையாகச் சொல்லிவிட்டார்கள். ஆர்எஃப்சி என்ற இணையத் தொழில்நுட்ப ஆவண வரிசையில் 3535ஆம் ஆவணத்தில் அது பதிவாகியிருக்கிறது. எஸ்என்எம்பி என்ற மேலாண்மை புரோட்டோகால் கண்காணிக்க உதவுகிறது, ஆனால் கான்ஃபிகரேஷனுக்கு (சாதனத்தின் நிலையான அமைப்புகளை மாற்றுவதற்கு) யாரும் அதைப் பெரிதாகப் பயன்படுத்துவதில்லை. கான்ஃபிகரேஷனையும் நடப்பு நிலையையும் பிரித்துக் காட்டுங்கள். பல சாதனங்களில் செய்யும் மாற்றம் ஒரே பரிவர்த்தனையாக நடக்கட்டும் என்று கேட்டார்கள். 2006இல் கான்ஃபிகரேஷனை மாற்றும் புரோட்டோகாலான நெட்கான்ஃபும், 2010இல் அந்தத் தரவின் வடிவத்தை விவரிக்கும் யாங் மொழியும் வந்ததற்கு அந்தக் கோரிக்கைகள்தான் வேர். அந்த ஆர்எஃப்சி சிறியதுதான், கட்டாயம் படியுங்கள்.

நெட்கான்ஃப் இருக்கும்போது ஐடூஆர்எஸ் ஏன்?

நெட்கான்ஃப் முதலில் கான்ஃபிகரேஷனுக்காக உருவானது. எழுதினால் சேமிக்கப்பட வேண்டும், ரீபூட் ஆனாலும் நிற்க வேண்டும். ஆனால் இரவு இரண்டு மணிக்கு ஒரு முகவரி மீது டிடாஸ் தாக்குதல் (பல இடங்களிலிருந்து டிராஃபிக்கைக் கொட்டி முடக்குவது) வருகிறது, அந்த ஒரு முகவரிக்கான டிராஃபிக்கை மட்டும் கொஞ்ச நேரம் வடிகட்டும் இடத்துக்குத் திருப்ப வேண்டும் என்று வையுங்கள். அது கான்ஃபிகரேஷன் இல்லை. நெட்வொர்க்குகள் ஒன்றுக்கொன்று ரூட்டுகளை அறிவிக்கும் பிஜிபி புரோட்டோகால் கற்றுக்கொண்ட ரூட்டை நாம் கான்ஃபிகரேஷன் என்று சொல்வதில்லையே. அந்த மாதிரி, ஒரு வெளி நிரலும் ரவுட்டிங் அட்டவணையில் இன்னொரு புரோட்டோகால் போல எழுத வழி வேண்டும்.

2016 ஜூனில் வெளியான ஆர்எஃப்சி 7920 இந்தத் தேவையைச் சொல்கிறது. அதோடு வந்த 7921 கட்டமைப்பைச் சொல்கிறது: ரவுட்டருக்குள் கோரிக்கையை ஏற்று எழுதும் ஒரு ஏஜென்ட், வெளியே கோரிக்கை அனுப்பும் கிளையன்ட். எழுதுவதோடு வேலை முடியாது. டோபாலஜியை (எது எதோடு இணைந்திருக்கிறது என்ற வரைபடத்தை) படிக்க வேண்டும், மாற்றம் நடந்தால் உடனே தகவல் வர வேண்டும், எழுதியது உண்மையில் செயலுக்கு வந்ததா என்றும் தெரிய வேண்டும்.

ரீபூட் ஆனால் ஐடூஆர்எஸ் வழியாகப் போட்டதெல்லாம் போய்விடுமாமே. இது குறைதானே அண்ணா?

இல்லை, வேண்டுமென்றே அப்படி வைத்தார்கள். ஆர்எஃப்சி 8242 முழுக்க இந்தத் தற்காலிக நிலை பற்றித்தான். என்னைக் கேட்டால் இந்த முயற்சியிலேயே மிகவும் மதிக்க வேண்டிய முடிவு இது.

ஒரு நிரல் திங்கட்கிழமை ஒரு ரூட் போடுகிறது. புதன்கிழமை அந்த நிரல் இயங்கிய சர்வரையே கழற்றிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை ரவுட்டர் ரீபூட் ஆகிறது. அந்த ரூட் திரும்பி வந்தால் அதற்கு யார் பொறுப்பு? யாருமில்லை. அதனால் ஏஜென்ட் மீண்டும் எழுந்ததும் “நான் புதிதாகத் தொடங்கியிருக்கிறேன்” என்று கிளையன்ட்டுக்குச் சொல்லும். தேவையென்றால் கிளையன்ட் மறுபடி எழுதும். ரூட் உயிரோடு இருக்க, அதை விரும்பும் ஒருவர் உயிரோடு இருக்க வேண்டும்.

இங்கே ஒரு நுணுக்கம். இணைப்பு அறுந்தாலே கிளையன்ட் செத்துவிட்டது என்று ஐடூஆர்எஸ் கருதாது. ஓப்பன்கான்ஃபிக் என்ற திட்டத்தில் உருவான, ரூட் எழுதுவதற்கான ஜிரிபி இடைமுகம் இதையே கிளையன்ட்டின் தேர்வாக விடுகிறது: இணைப்புப் போனால் ரூட்டுகளை நீக்கு, அல்லது அப்படியே வை. எந்த இடைமுகத்தை எடுத்தாலும் முதல் நாளே இந்தக் கேள்விக்கு விடை எழுதி வைத்துவிடுங்கள்.

இரண்டு நிரல்கள் ஒரே ரூட்டை எழுதினால்?

ஒவ்வொரு கிளையன்ட்டுக்கும் ஒரு முன்னுரிமை உண்டு. அதிகம் உள்ளது ஜெயிக்கும். சமமாக இருந்தால் முதலில் எழுதியது நிற்கும். இப்படி மோதுவதே ஏதோ தவறு என்பதற்கு அடையாளம் என்று 7921 பார்க்கிறது. அதைத் தீர்க்கும் வேலையை ரவுட்டர் தலையில் கட்டவில்லை.

இதை ரூட்டின் விருப்ப மதிப்போடு (ஒரே இடத்துக்குப் பல ரூட்டுகள் கிடைத்தால் எதை எடுப்பது என்று சொல்லும் எண்) பலர் குழப்பிக்கொள்கிறார்கள். சிஸ்கோவில் கையால் எழுதும் ஸ்டேட்டிக் ரூட்டுக்கு 1, வெளி பிஜிபிக்கு 20, நெட்வொர்க்குக்குள் ஓடும் ஓஎஸ்பிஎஃப் புரோட்டோகாலுக்கு 110, உள் பிஜிபிக்கு 200 என்று, குறைந்த எண் ஜெயிக்கும்படி இருக்கிறதே, அது வேறு கணக்கு. கிளையன்ட் முன்னுரிமை, அந்தப் பதிவை எழுதும் உரிமை யாருக்கு என்று தீர்மானிக்கும். விருப்ப மதிப்பு, எழுதப்பட்டவற்றில் எது ஃபார்வர்டிங் அட்டவணைக்கு, அதாவது டிராஃபிக்கை உண்மையில் அனுப்பப் பயன்படும் பட்டியலுக்கு, போகும் என்று தீர்மானிக்கும்.

ஓப்பன்ஃப்ளோவும் இதுவும் ஒன்றா?

இல்லை. 2008இல் வெளிவந்த ஓப்பன்ஃப்ளோ, முடிவெடுக்கும் வேலையை சுவிட்ச்சிலிருந்து வெளியே எடுத்துக் கன்ட்ரோலர் என்ற மைய மென்பொருளிடம் கொடுத்தது. ஐடூஆர்எஸ்ஸில் பிஜிபியும் ஓஎஸ்பிஎஃப்பும் ரவுட்டருக்குள்ளேயே ஓடும். நிரல் அவற்றோடு சேர்ந்து பேசும். வெளி நிரல் நின்றாலும் நெட்வொர்க் ஓடும்.

ஒரு நிரலில் பக் இருந்தால் மொத்த நெட்வொர்க்கும் படுத்துவிடாதா? பயமாக இருக்கிறது. (சிறிய இணையச் சேவை நிறுவனம், அதாவது ஐஎஸ்பி, ஒன்றில் பணிபுரிபவர்)

பயப்படுவது நியாயம். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் சுமார் ஆறு மணி நேரம் காணாமல் போனதற்குக் காரணம், பேக்போன் (டேட்டா சென்டர்களை இணைக்கும் முதுகெலும்பு நெட்வொர்க்) கொள்ளளவைப் பார்க்கக் கொடுத்த ஒரு கட்டளை. அத்தகைய கட்டளையைத் தடுக்க வேண்டிய தணிக்கைக் கருவியில் பக் இருந்ததால் அது தடுக்கவில்லை. பேக்போன் முழுதும் விழுந்தது. டேட்டா சென்டரைத் தொட முடியாத டிஎன்எஸ் சர்வர்கள் (தளத்தின் பெயருக்கு முகவரி சொல்பவை) தங்கள் பிஜிபி அறிவிப்புகளைத் தாங்களே திரும்பப் பெற்றுக்கொண்டன.

2008 பிப்ரவரி 24 அன்று நடந்தது இன்னொரு வகை. யூடியூபை நாட்டுக்குள் தடுக்க பாகிஸ்தான் டெலிகாம் போட்ட /24 ரூட் வெளியே கசிந்தது. யூடியூப் அறிவித்திருந்தது /22. இந்த எண், ப்ரிஃபிக்ஸ் எனப்படும் முகவரித் தொகுதியின் நீளம்; எண் பெரிதானால் தொகுதி சிறிதாகும். நீளமான ப்ரிஃபிக்ஸ் ஜெயிக்கும் என்பதால் உலகத்தின் யூடியூப் டிராஃபிக் அங்கே திரும்பியது. உள்ளே மட்டும் இருக்க வேண்டிய ரூட்டுக்கு வேலி இல்லாததுதான் அங்கே சிக்கல்.

அதனால் கட்டுப்பாட்டை நிரலில் மட்டும் வைக்காதீர்கள். எழுதப்படும் பக்கத்திலும் வையுங்கள். இந்தக் கிளையன்ட் எந்த ப்ரிஃபிக்ஸ்களைத் தொடலாம், அதிகபட்சம் எத்தனை எழுதலாம், எழுதியது வெளி பிஜிபிக்குப் போகலாமா என்ற மூன்றையும் ரவுட்டரே சரிபார்க்கட்டும். நெட்கான்ஃபில் கான்ஃபிகரேஷன் மாற்றும்போது உறுதிப்படுத்தும் கமிட் வசதியையும் பயன்படுத்துங்கள்: நீங்கள் வேறு நேரம் குறிப்பிடாதபோது, 600 விநாடிக்குள் உறுதி சொல்லாவிட்டால் பழைய நிலைக்குத் தானாகத் திரும்பும்.

அப்புறம், யார் எழுதியது என்ற பதிவு. ஆர்எஃப்சி 7922 இதற்கென்றே வந்தது. கிளையன்ட்டின் அடையாளம் மட்டுமல்லாமல், அந்தக் கிளையன்ட்டை ஏவிய பயன்பாட்டின் அடையாளமும் பதிவாக வேண்டும். கன்ட்ரோலர் எழுதியது என்று மட்டும் தெரிந்தால் நள்ளிரவில் எந்தக் குழுவுக்குப் போன் போடுவீர்கள்?

சரி, ஐடூஆர்எஸ் உள்ள ரவுட்டர் எங்கே கிடைக்கும்?

7921 சொல்லும் கட்டமைப்பு முழுதாகக் கடைச்சரக்காகப் பரவவில்லை. ஆனால் அதன் துண்டுகள் நன்றாக வாழ்கின்றன. 2018இல் வந்த ஆர்எஃப்சி 8345, டோபாலஜியை விவரிக்கும் யாங் மாதிரி. அதன்மேல் பல மாதிரிகள் கட்டப்பட்டுள்ளன. அதே ஆண்டின் 8431 ரவுட்டிங் அட்டவணைக்கான மாதிரி. களத்தில் ஜிஎன்எம்ஐ (ஓப்பன்கான்ஃபிக் திட்டத்தின் சாதன மேலாண்மை இடைமுகம்), ஜிரிபி போன்றவையும் இருக்கின்றன. தரநிலைக் குழு மெதுவாக நடந்தது என்ற குறை எனக்கும் உண்டு. ஆனால் கேட்க வேண்டிய கேள்விகளை அவர்கள் சரியாகக் கேட்டார்கள்.

பெரிய பட்ஜெட் இல்லை. நாளைக்கே தொடங்க என்ன வழி? (அதே ஐஎஸ்பி ஊழியர்)

முதலில் படிக்க மட்டும் செய்யுங்கள். உங்கள் ரவுட்டர் பிஎம்பி என்ற பிஜிபி கண்காணிப்பு புரோட்டோகாலை ஆதரித்தால், பிஜிபி என்ன கற்றுக்கொள்கிறது என்பதை ஒரு சர்வருக்கு அனுப்பச் சொல்லிக் கொஞ்ச நாள் கவனியுங்கள்.

எழுதத் தொடங்கும்போது, லினக்ஸ் சர்வரில் எக்ஸாபிஜிபி என்ற, பிஜிபி பேசும் மென்பொருளை வைத்து ரவுட்டரோடு சாதாரண பிஜிபி இணைப்பு ஏற்படுத்துங்கள். ரவுட்டர் பக்கம் உங்கள் சொந்த முகவரிகளின் /32 (தனித்தனி முகவரி) மட்டும் ஏற்கும் ஃபில்டர், ப்ரிஃபிக்ஸ் எண்ணிக்கைக்கு வரம்பு, வெளியே போகாதபடி நோ எக்ஸ்போர்ட் கம்யூனிட்டி என்ற அடையாளக் குறி ஆகிய மூன்றும் வேண்டும். எக்ஸாபிஜிபி நின்றால் இணைப்பு விழும், ரூட்டுகள் தாமாகவே விலகும். அதற்காக அந்த இணைப்பில் மட்டும் கிரேஸ்ஃபுல் ரீஸ்டார்ட்டை (இணைப்பு விழுந்தாலும் ரூட்டைக் கொஞ்ச நேரம் வைத்திருக்கும் வசதியை) அணைத்து வையுங்கள். இல்லாவிட்டால் பழைய ரூட் தங்கிவிடும். உங்கள் ஸ்கிரிப்ட் வேறு புராசஸ், எக்ஸாபிஜிபி வேறு புராசஸ். ஸ்கிரிப்ட் மட்டும் செத்தால் என்ன ஆகிறது என்பதை லேபில் கில் கட்டளையால் அதை நிறுத்திப் பார்த்துவிட்டு, அப்புறம் உண்மையான ரவுட்டரில் கை வையுங்கள்.