ஒரே தண்ணீர், ஒரே உரம்: புதினா ஓடுகிறது, கொத்தமல்லி பூத்துவிடுகிறது, ஏன்?

கேள்வி: ஒட்டன்சத்திரம் பக்கம் எங்கள் கிணற்று மேட்டில் 5 சென்ட் செம்மண் நிலம் இருக்கிறது. போன கார்த்திகையில் ஒரு பாதியில் புதினா நட்டேன். சித்திரையில் மறுபாதியில் கொத்தமல்லி விதைத்தேன். இரண்டுக்கும் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர், ஒரே தொழு உரம். மல்லி ஒரு சாண் வளர்வதற்குள் பூத்துவிட்டது. புதினா வரப்பைத் தாண்டி மல்லிப் பாத்திக்குள் போய்விட்டது. ஆனால் இலைக்கு அடியில் செம்பழுப்பாகப் புள்ளி புள்ளியாக இருக்கிறது. டவுனில் இரண்டு ஓட்டல்காரர்கள் தினமும் தழை கேட்கிறார்கள். எதைக் கூட்டுவது, எதைக் குறைப்பது? அடுத்த முறை புதினாவையும் விதை போட்டே வளர்க்கலாமா?

பதில்: வணக்கம் அம்மா. உங்கள் மல்லி கெட்டுப்போனதற்கு உரமோ மண்ணோ காரணமில்லை. இரண்டு செடியையும் ஒன்றுபோல நடத்தியதுதான் சிக்கல். காய்கறிக் கடையில் பக்கத்துப் பக்கத்தில் கட்டாகக் கிடப்பதால் இவை ஒரே வகை என்று நமக்குத் தோன்றிவிடுகிறது. நிலத்தில் இரண்டும் வேறு வேறு பிறவி.

கொத்தமல்லி ஒரு பருவத்துச் செடி. விதையிலிருந்து முளைத்து, ஆணிவேர் இறக்கி, பூத்து, விதை கொடுத்துவிட்டுச் செத்துவிடும். மூன்று மூன்றரை மாதம்தான் அதன் ஆயுள். வெயில் ஏறி, பகல் நீண்டு, வேரில் ஈரம் குறைந்தால், சாவதற்கு முன் விதை கொடுத்துவிட வேண்டும் என்று அவசரமாகப் பூக்கப் போய்விடும். சித்திரை வெயிலில் நிழலும் இல்லாமல் விதைத்தால் தழை வராது, பூதான் வரும். இதற்கு முன்னறிவிப்பு உண்டு. அடி இலை விசிறி மாதிரி அகலமாக இருக்கும். பூக்கப் போகும்போது மேலே வருகிற இலைகள் சோம்பு இலை போல நூல் நூலாகப் பிரியும். அந்த நூல் இலை கண்ணில் பட்டதும் பாத்தி முழுவதையும் பிடுங்கி விற்றுவிடுங்கள். அதற்கு மேல் எவ்வளவு தண்ணீர் பாய்ச்சினாலும் தழை திரும்பாது.

இப்போது பூத்து நிற்பதை உழுதுவிடாதீர்கள். பூவுக்குத் தேனீயும், அசுவினியைத் தின்னும் பூச்சிகளும் வரும். பக்கத்துக் காய்கறிக்கு அது நல்லது. காய் பச்சையாக இருக்கும்போது பறித்துத் துவையலில் அரைத்தால் வாசனை அருமையாக இருக்கும். முற்றவிட்டால் வீட்டுக்கு மல்லி ஆயிற்று. ஆனால் அதை மட்டும் அடுத்த விதைப்புக்கு எடுக்க வேண்டாம். அவசரமாகப் பூத்த செடியின் விதையை விதைத்தால், அவசரமாகப் பூக்கும் குணத்தையே நாம் பொறுக்கி வளர்த்ததாகிவிடும். விதைக்கு எப்போதும் கடைசியாகப் பூக்கிற செடியைத்தான் விட வேண்டும். பலர் இதைக் கவனிக்காமல் வருஷா வருஷம் தழை குறைகிறது என்று வருத்தப்படுகிறார்கள்.

புதினா இதற்கு நேர் எதிர். அது பல ஆண்டுச் செடி. மண்ணை ஒட்டி ஓடுதண்டு விட்டு, கணுவுக்குக் கணு வேர் பிடித்துக்கொண்டே போகும். வேர் மேலாகவே இருப்பதால் மேல்மண் காய்ந்தால் உடனே வாடும். மல்லி ஐப்பசி மழைக்குப் பிறகு கரிசலில் மானாவாரியாகவே விளையும். விருதுநகர், தூத்துக்குடிப் பக்கம் பார்க்கலாம். புதினாவை அப்படி நினைத்தே பார்க்க முடியாது. அதற்கு எப்போதும் ஈரம் வேண்டும், அரை நிழல் வேண்டும். முருங்கையோ வாழையோ தென்னையோ இருந்தால் அதன் கீழே, வாய்க்கால் ஓரத்தில் வையுங்கள். ஈரம் என்றால் தேங்கிய தண்ணீர் இல்லை. தேங்கினால் வேர் அழுகிவிடும்.

புதினாவை விதை போட்டு வளர்க்க முயல வேண்டாம். விதை கிடைப்பது அரிது. கிடைத்தாலும் தாய்ச்செடியின் மணம் அப்படியே வராது. வேரோடு கூடிய ஓடுதண்டை விரல் நீளத்துக்கு வெட்டி, ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான இடைவெளியில் நட்டாலே போதும். நட்டு ஒன்றரை இரண்டு மாதத்தில் முதல் அறுப்பு. பிறகு ஒவ்வொரு 30, 40 நாளைக்கும் அறுக்கலாம். அறுக்கும்போது தரையிலிருந்து இரண்டு மூன்று விரல் உயரம் விட்டு அறுங்கள், பிடுங்காதீர்கள். ஒவ்வொரு அறுப்புக்குப் பிறகும் கொஞ்சம் மக்கிய உரம் தூவுங்கள். இரண்டு மூன்று வருஷத்தில் நடுப்பகுதி கட்டைபட்டு இலை சிறுத்துவிடும். அப்போது ஓரத்து இளந்தண்டை எடுத்து வேறு இடத்தில் புதிதாகப் போடுங்கள்.

உங்கள் செம்பழுப்புப் புள்ளிகள் பெரும்பாலும் துரு நோய். இலையைத் திருப்பி விரலால் தேய்த்துப் பாருங்கள்; விரலில் துருப்பொடி மாதிரி ஒட்டினால் சந்தேகமே இல்லை. அது பூஞ்சாணம். நெருக்கமாக அடைந்து கிடக்கும் புதினாவில், இலை நனைய நனைய அது பரவும். இது கொத்தமல்லிக்குத் தாவாது, பயப்பட வேண்டாம். தினமும் சட்டினிக்குப் போகிற இலை; மருந்து அடிக்க நான் சொல்ல மாட்டேன். பாத்தி முழுவதையும் தரையோடு அறுத்து, கீழே உதிர்ந்த இலை சருகைக்கூட வாரி எரித்துவிடுங்கள், உரக்குழியில் போடாதீர்கள். பூவாளியால் தலையில் ஊற்றாமல் வேரடியில் தண்ணீர் விடுங்கள். தழைத்து வருவது சுத்தமாக இருந்தால் சரி. மறுபடியும் புள்ளி வந்தால் அந்தப் பாத்தியை மறந்துவிட்டு, நோயில்லாத வேறு தோட்டத்திலிருந்து தண்டு வாங்கித் தள்ளி நடுங்கள். நோய்ப் பாத்தியின் ஓடுதண்டிலேயே பூஞ்சாணமும் சேர்ந்து வரும்.

வரப்பு தாண்டி ஓடுவதற்கு, பாத்தியைச் சுற்றி ஒரு முழ ஆழத்துக்குப் பழைய தகரமோ தடித்த பிளாஸ்டிக் தாளோ செங்குத்தாகப் புதைத்தால் அடங்கும்.

5 சென்ட்டை எப்படிப் பிரிப்பது? ஓட்டலுக்குத் தினமும் தழை வேண்டும் என்பதை வைத்துச் சொல்கிறேன். நிழலான வாய்க்கால் ஓரம் ஒன்றரை சென்ட் புதினாவுக்குப் போதும். அதை மூன்று நான்கு பகுதியாகப் பிரித்து மாற்றி மாற்றி அறுங்கள். மீதி மல்லிக்கு. ஆனால் மல்லியை ஒரேயடியாக விதைத்தால் ஒரு வாரம் குவியும், அப்புறம் ஒரு மாதம் ஒன்றும் இருக்காது. நான்கு பாத்தியாக்கி, 10 நாளுக்கு ஒரு பாத்தி விதையுங்கள். 35 முதல் 45 நாளில் தழை பறிக்கலாம் என்பதால், நான்காவது பாத்தி விதைத்துக் கொஞ்ச நாளில் முதல் பாத்தி அறுவடைக்கு வந்துவிடும்.

மல்லி விதைக்கும் முறையிலும் கவனம் வேண்டும். நாம் விதை என்று சொல்லும் அந்த உருண்டை உண்மையில் காய்; உள்ளே இரண்டு விதை. பலகையால் மெல்லத் தேய்த்து இரண்டாகப் பிளந்து, இரவு முழுக்க ஊறவைத்து, நிழலில் உலர்த்தி விதையுங்கள். தழைக்கு என்பதால் சென்ட்டுக்கு 100 முதல் 150 கிராம் வரை நெருக்கமாகப் போடலாம். முளைக்க 8 முதல் 12 நாள் ஆகும். ஐந்தாம் நாள் பார்த்துவிட்டு முளைக்கவில்லை என்று கிளறிவிடாதீர்கள். நாற்று விட்டுப் பிடுங்கி நடவும் கூடாது, ஆணிவேர் தொந்தரவானால் அதுவும் சீக்கிரம் பூத்துவிடும். தண்ணீர் விதைத்ததும் ஒன்று, மூன்றாம் நாள் ஒன்று, பிறகு உங்கள் செம்மண்ணுக்கு மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை. மாசிக்கு மேல் விதைத்தால் 50 சதவீத நிழல்வலை கட்டாயம். வலை போட முடியாவிட்டால் சித்திரை, வைகாசியில் மல்லியைக் குறைத்துக்கொண்டு, ஓட்டல்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

விற்காமல் மிஞ்சுவதில்கூட இரண்டும் வேறு. புதினாவை நிழலில் காயவைத்து நொறுக்கி வைத்தால் மணம் பல மாதம் நிற்கும். டீக்கும் பொடிக்கும் கேட்டு வாங்குவார்கள். மல்லித்தழையைக் காயவைத்தால் வைக்கோல்தான் மிஞ்சும். அதன் மணம் சூட்டில் பறந்துவிடுவது; அதனால்தான் ரசத்தை இறக்கிய பிறகு தூவுகிறோம். மிஞ்சும் மல்லியை வேரோடு ஈரத்துணியில் சுற்றி வைத்து மறுநாளே கொடுத்துவிடுங்கள்.

முதலில் புதினாவை அறுத்துத் துரு திரும்புகிறதா பாருங்கள். ஆனியில் ஒரு பாத்தி மட்டும் மல்லி போடுங்கள். நான்கு பாத்திச் சுற்றை ஐப்பசியில் தொடங்கினால் தை வரை தழைக்குக் குறை இருக்காது. மார்கழிப் பனியில் இலை மேல் வெள்ளைப் பொடி படிந்தால் அது சாம்பல் நோய். அந்தச் செடிகளை மட்டும் உடனே பிடுங்கிவிடுங்கள்.