பாடம் நடத்தும் கைகளுக்குச் சொந்த வாசிப்பும் வேண்டும்

சென்னையிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “கிளாசிக்கல் கிட்டாரில் எட்டாவது கிரேடு முடித்துவிட்டு மூன்று ஆண்டுகளாக வீட்டிலேயே வகுப்பு எடுக்கிறேன். வாரத்துக்கு 22 பிள்ளைகள் வருகிறார்கள். மாலை நான்கு மணிக்குத் தொடங்கினால் ஒன்பதாகிவிடும். அதற்கு மேல்தான் என் கிட்டாரை எடுக்கிறேன். அப்போது இடது கட்டைவிரலின் அடிப்பகுதி வலிக்கிறது. வலது கை நகமும் அடிக்கடி உடைகிறது. டிசம்பரில் 20 நிமிடம் தனியாக வாசிக்க ஒப்புக்கொண்டிருக்கிறேன். டீச்சராக இருந்துகொண்டே வாசிப்பையும் காப்பாற்ற முடியுமா?”

முடியும். ஆனால் இரவு ஒன்பது மணிக்கு மேல் முடியாது. முதலில் அந்தப் பழக்கத்தை விடுங்கள். ஐந்து மணி நேரம் மற்றவர்களின் தவறுகளையே கேட்ட காது, தன் வாசிப்பைச் சரியாகக் கேட்காது. நானும் பல வருடம் இரவில்தான் சாதகம் செய்தேன். கை பழைய வழியிலேயே ஓடும், தவறும் அதே இடத்தில் வரும். காலையில், போனைத் தொடுவதற்கு முன்னால், 45 நிமிடம் போதும். அந்த நேரத்தில் யாருக்கும் வகுப்பு தராதீர்கள், எவ்வளவு கெஞ்சினாலும் சரி.

அந்த 45 நிமிடத்தில் முதல் பத்து வலது கைக்கு. இத்தாலியக் கிட்டார் இசையமைப்பாளர் மௌரோ ஜூலியானியின் ஓபஸ் 1 (முதல் படைப்பு எண்) தொகுப்பில் உள்ள 120 பயிற்சிகளை இதற்காகவே வைத்திருக்கிறேன். இடது கை இரண்டே கார்டுகளில் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டுகளில்) நின்றுவிடும், கவனம் முழுக்க வலது விரல்களில் இருக்கும். ஒரு நாளைக்கு மூன்று பயிற்சி, மெதுவாக. அப்புறம் டிசம்பரில் வாசிக்கப் போகும் பாட்டில் எங்கே தடுக்குகிறதோ அந்த இரண்டு பாரை (தாளக் கட்டத்தை) மட்டும் எடுத்துப் பாதி வேகத்தில் வாசியுங்கள். பாட்டை முதலிலிருந்து தொடங்கவே தொடங்காதீர்கள். தினமும் ஆரம்பத்திலிருந்து வாசிப்பவர்களுக்கு முதல் பக்கம் மட்டும் அருமையாக இருக்கும், கடைசிப் பக்கம் எப்போதும் பயத்திலேயே போகும். முழுப் பாட்டையும் கடைசி ஐந்து நிமிடத்தில் ஒரு முறை வாசித்தால் போதும்.

அடுத்து வலி. இதைத்தான் நான் மிகவும் கவலையோடு படித்தேன். ஆசிரியர்களின் கை கெட்டுப்போவது பெரும்பாலும் வகுப்பில்தான். பிள்ளையின் விரலைப் பார்ப்பதற்காக இடுப்பைத் திருப்பி உட்காருகிறோம், இடது காலை வைக்கும் ஃபுட்ஸ்டூல் தள்ளிப் போய்விடுகிறது. பேசிக்கொண்டே வாசித்துக் காட்டுகிறோம். பேசும்போது இடது கட்டைவிரல் கிட்டாரின் கழுத்தை இறுக்கிப் பிடித்திருப்பது நமக்கே தெரியாது. நடுவில் எட்டு வயதுப் பிள்ளையின் முக்கால் சைஸ் கிட்டாரை வாங்கி வாசிக்கிறோம், திரும்பவும் 650 மில்லிமீட்டர் கம்பி நீளம் உள்ள நம் கிட்டாருக்கு வருகிறோம். ஒரு மாலையில் இது எத்தனை தடவை நடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

நாளை காலை ஒரு சோதனை செய்யுங்கள். மூன்றாவது ஸ்ட்ரிங்கில் ஐந்தாவது ஃப்ரெட்டை (கழுத்தின் குறுக்கே உள்ள உலோகக் கட்டையை) ஒட்டி விரலைச் சும்மா வையுங்கள், அழுத்த வேண்டாம். வலது கையால் மீட்டிக்கொண்டே இடது விரலின் பாரத்தை மெல்ல மெல்லக் கூட்டுங்கள். முதலில் ‘டொக்’ என்று செத்த சத்தம் வரும். அப்புறம் ஒரு இரைச்சல். அப்புறம் சட்டென்று சுரம் தெளியும். அந்த இடத்தில் நில்லுங்கள். தேவையான அழுத்தம் அவ்வளவுதான். இப்போது வழக்கம்போல வாசித்துப் பாருங்கள், எவ்வளவு கூடுதலாக அழுத்துகிறீர்கள் என்பது புரிந்துவிடும். ஒரு எளிய ஸ்கேலை (சுர வரிசையை), கட்டைவிரலைக் கழுத்திலிருந்து எடுத்துவிட்டு வாசித்துப் பழகுங்கள். கையின் எடையே பாதி வேலையைச் செய்வது தெரியும்.

வகுப்பில் வாசிப்பதைக் குறையுங்கள். இரண்டு பார் காட்டிவிட்டுக் கிட்டாரைக் கீழே வைத்துவிடுங்கள். மீதியைப் பாடிக் காட்டலாம், கைதட்டித் தாளம் போடலாம். பிள்ளையோடு சேர்ந்து முழுப் பாட்டையும் வாசித்தால் அது நம் ஒலியில் ஒளிந்துகொள்ளும், தன் ஒலியைக் கேட்காது. இரண்டு வகுப்புக்கு நடுவே பத்து நிமிடம் விடுங்கள். வாரத்தில் ஒரு மாலை வகுப்பே வேண்டாம். 22 பேரில் ஒரே நிலையில் இருப்பவர்களை இருவர் இருவராகச் சேர்த்து டூயட் வகுப்பாக்கினால் அந்த மாலை கிடைத்துவிடும், பிள்ளைகளுக்கும் சேர்ந்து வாசிக்கும் சந்தோஷம் கிடைக்கும்.

இத்தனையும் செய்து இரண்டு வாரத்தில் வலி குறையவில்லை என்றாலோ, விரல் மரத்துப்போனாலோ, சொல்லாமலே மடங்கினாலோ எலும்பு அல்லது நரம்பு மருத்துவரிடம் காட்டுங்கள். “வலியோடு வாசித்தால் பலம் வரும்” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அமெரிக்கக் கிட்டார் கலைஞர் டேவிட் லைஸ்னர் ஃபோக்கல் டிஸ்டோனியா என்ற நரம்புக் கோளாறால் விரல்களின் கட்டுப்பாட்டை இழந்து, பல ஆண்டுகள் மேடையை விட்டு விலகியிருந்தார். 1990களில்தான் திரும்பி வந்தார். தோள், முதுகு ஆகிய பெரிய தசைகளிலிருந்து வாசிக்கக் கற்றதே தன்னை மீட்டது என்று அவர் சொல்லிவருகிறார். உங்கள் வலி அந்த வகை என்று சொல்லவில்லை. ஆனால் கை சொல்வதைச் சீக்கிரம் கேட்பது நல்லது.

கம்பியை மீட்டும் வலது கை நகத்துக்கு வருவோம். சாம்பார் சாதம் பிசைந்து சாப்பிடும் கையில் நகம் வளர்ப்பதன் சிரமம் எனக்குத் தெரியும். மஞ்சள் கறையால் ஒலிக்கு ஒன்றும் ஆகாது, விட்டுவிடுங்கள். நகத்தைக் கெடுப்பது தண்ணீர்தான். பாத்திரம் தேய்க்கும்போது ரப்பர் கையுறை போடுங்கள். டிபன் பாக்ஸ் மூடியை இடது கையால் திறக்கப் பழகுங்கள். குளித்தவுடன் நகம் ஊறியிருக்கும், அப்போது அரமும் வேண்டாம், வாசிப்பும் வேண்டாம். விரல் சதைக்கு மேல் ஒன்றரை மில்லிமீட்டர் நீளம் பெரும்பாலானவர்களுக்குப் போதும். அரத்தால் வடிவம் கொடுத்த பிறகு, ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் வாட்டர் பேப்பரில் 1000, அடுத்து 2000 நம்பர் வாங்கி விளிம்பை வழவழப்பாக்குங்கள். விளிம்பில் ஒரு சிறு சொரசொரப்பு இருந்தாலும் ஒலியில் கீறல் கேட்கும், நகமும் அங்கேதான் முதலில் பிளக்கும்.

நகம் மாதத்துக்கு ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர்தான் வளரும். சதை வரை உடைந்தால் இரண்டு, மூன்று வாரம் போய்விடும். நிகழ்ச்சிக்கு முந்தின வாரம் அப்படி நடந்தால், டேபிள் டென்னிஸ் பந்திலிருந்து பிறை வடிவில் ஒரு துண்டு வெட்டி, நகத்தின் அடியில் சூப்பர் குளூவால் ஒட்டி, அரத்தால் இழைத்துக்கொள்ளலாம். பந்தின் வளைவு நகத்தோடு பொருந்தும். முடிந்ததும் பிய்க்காதீர்கள், நகத்தின் ஒரு படலமும் சேர்ந்து வந்துவிடும். அசிட்டோனில் ஊறவைத்து எடுங்கள்.

ஒட்டிய நகம் உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் சதையாலேயே வாசியுங்கள். 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பாரிஸில் இருந்த ஸ்பானிய கிட்டார் கலைஞர் ஃபெர்னாண்டோ சோர் நகமில்லாமல் வாசித்தார், அவருடைய நண்பர் டியோனிசியோ அகுவாடோ நகத்தோடு வாசித்தார். இருவரும் சேர்ந்து வாசிக்கவே சோர் எழுதிய டூயட் ஒன்று இருக்கிறது. இன்னொரு ஸ்பானிய கிட்டார் மேதை ஃபிரான்சிஸ்கோ தார்ரெகாவும் கடைசி ஆண்டுகளில் நகத்தை விட்டுவிட்டார். ஒலி சிறிதாகும், மென்மையாகும். 40 பேர் உட்காரும் அறைக்கு அது தாராளம்.

டிசம்பர் என்றால் மழைக்காலத்தின் ஈரம், உள்ளே போனால் ஏசி. கிட்டாருக்கு 45 முதல் 55 சதவீத ஈரப்பதம் ஏற்றது. சின்ன டிஜிட்டல் மீட்டர் ஒன்று வாங்கி கேஸுக்குள் போட்டு வையுங்கள், வாசிக்காத நேரத்தில் மூடியே வையுங்கள். ஸ்ட்ரிங்கை நிகழ்ச்சிக்கு ஒரு வாரம் முன்பே மாற்றிவிடுங்கள். நைலான் இழுபட்டு நிலைக்க நாலைந்து நாள் எடுக்கும், அதுவரை சுருதி இறங்கிக்கொண்டே இருக்கும்.

இன்னொன்று. நவம்பரிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் வகுப்பு முடிந்ததும் பிள்ளைகளை உட்காரவைத்து, உங்கள் பாட்டை நிறுத்தாமல் ஒரு முறை வாசித்துக் காட்டுங்கள். நான் அப்படிச் செய்தபோது ஒன்பது வயதுப் பையன் ஒருவன், “சார், அந்த மேல போற இடத்துல உங்களுக்கும் கஷ்டமா இருக்கா?” என்று கேட்டான். ஆமாம் என்றேன். அடுத்த வாரம் அவன் தன் கஷ்டமான பாரில் பென்சிலால் வட்டம் போட்டுக்கொண்டு வந்திருந்தான்.