சத்தம் கேட்கும் பந்து

கேள்வி: ஐயா, என் தம்பி மகனுக்கு 12 வயது, பார்வை இல்லை. ரேடியோவில் கிரிக்கெட் கேட்டே வளர்ந்தவன். எங்கள் வட்டார கிளப்பில் சேர்க்கப் போனால், ‘அடிபட்டால் யார் பொறுப்பு?’ என்று அனுப்பிவிட்டார்கள். வழி உண்டா?
– ஒரு வாசகி, சாட்ஸ்வர்த், டர்பன்

பதில்: உண்டு, தங்கச்சி. பார்வையற்றோர் கிரிக்கெட்டின் முதல் உலகக் கோப்பை 1998இல் டெல்லியில் நடந்தது. வென்றது நம் தென்னாப்பிரிக்காதான்! பிளாஸ்டிக் பந்துக்குள் சின்னச் சின்ன உலோகக் குண்டுகள் கலகலக்கும், காதுதான் கண். கையைத் தாழ்த்தி உருட்டிப் போடுவார்கள். பந்து போடுமுன் ‘ரெடியா?’ என்று கேட்டு, ‘யெஸ்’ வந்த பிறகே ‘ப்ளே’ என்று குரல் கொடுப்பார்கள். அணியில் 4 பேராவது முழுப் பார்வையற்றவர்களாக இருக்க வேண்டும். அவர்கள் எடுக்கும் ஓட்டம் இரட்டிப்பாகும்.

கிளப்காரர்களுக்குப் பயம், தெரியாததால் வரும் பயம். தனியாகப் போய்க் கேட்காதீர்கள். பையனின் பள்ளி ஆசிரியரையும் கோயில் கமிட்டியில் ஒருவரையும் கூட்டிப் போங்கள். மைதானம் கிளப்புடையது, பழக்கும் முறை ஆசிரியருக்குத் தெரியும், காவடிக்கு ஆள் ஏற்றும் வேன் கோயிலில் சும்மா நிற்கிறது. மூன்றும் சேர்ந்தால் சனிக்கிழமை காலை ஒரு மணி நேரம் கிடைக்காதா?

என் அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு டர்பனின் கறீஸ் ஃபவுண்டன் மைதானத்துக்குப் போவார். மற்ற மைதானங்களின் கதவு நம் தோல் நிறத்தைப் பார்த்து மூடிய காலம் அது. வேலிக்கு வெளியே நின்ற நாமே இன்னொரு பிள்ளையை வெளியே நிறுத்துவதை என்னால் தாங்க முடியவில்லை.

முதல் நாள் மற்றப் பிள்ளைகளும் கண்ணைக் கட்டிக்கொண்டு ஆடட்டும். பந்து போடுவது உங்கள் மருமகனாக இருக்கட்டும்.