செப்சிஸில் ரத்தக்குழாய் கசிகிறதா என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

செப்சிஸோடு (தொற்றுக்கு உடம்பு கட்டுமீறி எதிர்வினை காட்டி உறுப்புகள் கெடும் நிலை) கடலூரில் ஐசியூவில் இருக்கும் உறவினருக்குக் கைகால் வீங்க, ‘ரத்தக்குழாய் கசிகிறது’ என்றார்களாம். எதை வைத்து என்று கேட்டிருக்கிறீர்கள்.

கசிவை நேரடியாகக் காட்டும் ஒற்றை டெஸ்ட் கிடையாது. லிட்டர் கணக்கில் சலைன் ஏற்றியும் பிரஷர் நிற்காமல், உடம்பு மட்டும் ஊதி, எடை ஏறினால் சந்தேகம் வலுக்கும். ஆல்புமின் (ரத்தத்தில் நீரைப் பிடித்துவைக்கும் புரதம்) குறைவதை மட்டும் நம்பக்கூடாது. கல்லீரல் அதைக் குறைவாக உண்டாக்கினாலும், ஏற்றிய சலைன் ரத்தத்தை நீர்க்கச் செய்தாலும் அது குறையும். ஹெமட்டோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) ஏறுவது டெங்குவில் நல்ல துப்பு. செப்சிஸில் ஏற்றிய சலைனே அதை மறைத்துவிடும்.

நுரையீரல் அல்ட்ராசவுண்டில் பி-கோடுகள் (மேலிருந்து கீழே இறங்கும் வெள்ளைக் கோடுகள்) பெருகினால் அங்கே நீர் சேர்கிறது. ஆனால் இதயம் தளர்ந்தாலும் அதே படம்தான், அதனால் எக்கோவும் (இதய ஸ்கேன்) வேண்டும்.

கசிவா, இதயத் தளர்ச்சியா என்று பிரிக்க, பெரிய மையங்களில் கழுத்துச் சிரை வழியாகக் குளிர்ந்த சலைனைச் செலுத்தி, தொடைத் தமனியில் வெப்பம் எப்படி மாறுகிறது என்று அளப்பார்கள். நுரையீரல் நீர் உடல் எடையில் கிலோவுக்கு 10 மி.லி.க்கு மேல், ஊடுருவல் குறியீடு (நுரையீரல் ரத்தக்குழாய் எவ்வளவு கசியவிடுகிறது என்ற அளவு) 3க்கு மேல் என்றால் கசிவின் பக்கம். இந்தக் கணக்குக்கு உயரத்தை வைத்துக் கணக்கிட்ட எடையைத்தான் கொடுக்க வேண்டும். வீங்கிய எடையைப் போட்டால் அளவு பொய்யாகக் குறைந்து தெரியும்.